வரிசையை விட்டு விலகியவள்

மண்ணெண்ணெய்க் கடையில் அற்புதமணிக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான் நின்றார்கள். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் தெருமுனை திரும்பிப் பனிமய மாதா கோயில் மதில் வரைக்கும் ஜனம். காலை ஏழு மணிக்கு வந்து நின்றவர்கள் நாங்கள். அலுவலகத்துக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தோம். 1973 டிசம்பர் முதல் வாரம் அது. எங்கேயோ பாலைவன நாட்டில் எண்ணெயை நிறுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. தூத்துக்குடியில் எங்களுக்கு அதன் அர்த்தம் இந்த வரிசைதான்.

வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணின் டின்னில் எண்ணெய் விழத் தொடங்கியது. அப்போது அற்புதமணி தன் காலி டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள்.

"அக்கா, எங்க போறீய? இன்னும் ஒரு ஆளுதான் நிக்கா."

"எனக்கு வேண்டாம் இசபெல்."

"வெளக்குக்கு என்ன செய்வீய?"

"வெளக்கு இல்லாம இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் டின்னின் மேல் அவள் விரல்கள் எதையோ டைப் அடித்துக்கொண்டே இருந்தன. அது அவளுடைய வழக்கம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் கம்பியில், மாதாந்தரக் கூட்டத்தில் உட்கார்ந்தால் முழங்காலில், அவள் விரல்கள் அடித்தபடி இருக்கும். என்ன அடிக்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் இல்ல, சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள்.

நாங்கள் இருவரும் புதுத் துறைமுக வேலை தொடர்பான ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டுகள். எனக்கு இருபத்தெட்டு வயது, அவளுக்கு முப்பத்தைந்து. நான் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. அவள் நாசரேத். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து இறந்தவர். அண்ணன் கிருபாநிதியும் வாத்தியார். அவளுக்கு இரண்டு இடத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பார்க்க வந்த இருவரிடமும், "உங்க சட்டையை நீங்களே துவைப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். குறும்புக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று என்னிடம் சொன்னாள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

தூத்துக்குடியில் வாடகைக்கு ஒரு அறை எடுத்திருந்தாள். அந்த அறையில் கட்டில் ஒரு வாரம் கிழக்குச் சுவரோரம் கிடந்தால் அடுத்த வாரம் மேற்கே கிடக்கும். நாற்காலியில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். ஆனால் எங்கள் அலுவலகத்திலேயே வேகமாகவும் பிழையில்லாமலும் அடிப்பவள் அவள்தான்.

மண்ணெண்ணெய் வரிசைக்கு மறுநாள் அவள் மேசைக்கு ஒரு ஃபைல் வந்தது. துறைமுகச் சாலைக்காக ஒரு வரிசைக் குடிசைகளை எடுக்க வேண்டும் என்று முப்பத்தியாறு பேருக்கு மூன்றாவது நோட்டீஸ். முதல் நோட்டீஸையும் இரண்டாவதையும் அவளேதான் அடித்திருந்தாள். இந்தத் தடவை அடிப்பதற்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்திருக்கிறாள். அங்கே குடிசை ஒன்றும் இல்லை. ஜனங்கள் காலி செய்து போய் ஐந்து வாரமாகிவிட்டது. சாலைக்குக் கல்லும் கொட்டியாகிவிட்டது.

சூப்பிரண்டிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனுஷன். தலையைச் சொறிந்துகொண்டார்.

"மூணு நோட்டீஸ் போட்டாத்தான் ஃபைலை மூட முடியும் அம்மா. நீங்க அடிச்சுக் குடுங்க."

"வாங்க ஆள் இல்லையே சார்."

"ஆள் இல்லைன்னு திரும்பி வரும். அதையும் ஃபைல்ல வைக்கணும்."

முப்பத்தியாறு நோட்டீஸையும் அடித்தாள். ஒரு பிழைகூட இல்லை. அடித்து முடித்துக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு தாளைச் செருகித் தன் ராஜினாமாவை அடித்தாள்.

*

1974 ஏப்ரலில், கைக்கு வந்த சேமநல நிதியைக் கொடுத்துத் தேரி ஓரத்தில் நிலம் வாங்கினாள். தேரி என்றால் சிவப்பு மணல் காடு. ஆலந்தலைக் கடற்கரையிலிருந்து மேற்கே நாலு மைல் நடந்தால் தொடங்கும். தரையெல்லாம் குங்குமத்தைக் கொட்டினாற்போல இருக்கும். ஆங்காங்கே பனை, உடைமரம், கொல்லாமரம் என்கிற முந்திரி. ஆடி மாசக் காற்றில் இன்றைக்கு மேடாக இருந்த இடம் நாளைக்குப் பள்ளமாகிவிடும். விற்றவர் உடன்குடிப் பக்கத்துக்காரர். தொல்லை விட்டது என்று சந்தோஷமாகக் கொடுத்தார்.

அண்ணன் கிருபாநிதி என்னையும் அழைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார். நான் சொன்னால் கேட்பாள் என்ற நம்பிக்கை அவருக்கு. வெள்ளை வேட்டி முழங்கால் வரை செம்மண் படிய, பனை ஓலைக் குடிசை முன்னால் நின்றார்.

"ஏ மணி, ஒனக்கு என்ன கொற? நாசரேத்துல வீடு இருக்கு. வேல வேண்டாம்னா பள்ளிக்கூடத்துல டைப்பிங் சொல்லிக்குடு. இங்கன வந்து எதுக்குச் சாகணும்?"

"சாக வரல அண்ணன்."

"பின்ன எதுக்கு வந்திருக்க?"

பனைமட்டை நாரைக் கிழித்துக்கொண்டே பதில் சொன்னாள். "வரிசையில நின்னு வாங்க வேண்டிய எந்தச் சாமானும் வீட்டுக்குள்ள வராம இருக்க முடியுமான்னு பாக்கப் போறேன்."

"அரிசி?"

"கெழங்கு திங்கேன்."

"உடுப்பு?"

நாரைக் கிழிப்பதை நிறுத்தி உண்மையாகவே யோசித்தாள். "இருக்கது கிழியதுக்குள்ள யோசிக்கேன்" என்றாள். கிருபாநிதி என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். திரும்பி வரும்போது, நாசரேத் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியபடி, "சின்னதுல இருந்தே அவ இப்படித்தான்" என்றார். அவர் குரலில் வருத்தமும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. எடுத்த எடுப்பிலேயே அவளுக்குத் தண்ணீர்தான் பிரச்சினை. தேரியில் மேடு நெருப்பாகக் கிடந்தாலும், இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள தாழ்வில் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று பக்கத்து விளையில், அதாவது பனந்தோப்பில், பனையேறும் அருணாசலவடிவு சொல்லியிருந்தார். தோண்டினாள். நாலு அடி போனதும் மணல் சரிந்து மூடியது. மறுபடி தோண்டினாள், மறுபடி மூடியது. ஆறாவது தடவை, விழுந்துகிடந்த பனைமரத்தைத் துண்டு போட்டு நாலு பக்கமும் அடைப்பாக இறக்கி, எட்டு அடியில் தண்ணீரைப் பார்த்தாள். பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளும் ஒரு மைல் நடந்து போய் அருணாசலவடிவு வீட்டில்தான் தண்ணீர் எடுத்தாள் என்பதையும் அவளே சொன்னாள். மறைக்கவில்லை.

ஆலந்தலை மீன்காரி பிலோமி வாரத்தில் நாலு நாள் அந்த வழியாக உள்ளூர்களுக்குக் கருவாட்டுக் கடகப் பெட்டி சுமந்து போவாள். நாற்பது வயதைத் தாண்டியவள். அவளுடைய புருஷன் இலங்கைப் பக்கம் தோணியில் போனவன், திரும்பவில்லை. தேரிக்குள் ஒரு பொம்பளை தனியாக மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்து முதல்நாள் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு அரைமணி நேரம் வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

"ஏளா, நீ யாரு? பேய் பிடிச்சவளா, புதையல் தேடுதவளா?"

"டைப் அடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அது எந்த ஊருத் தொழிலு?"

அன்றிலிருந்து அவள் பிலோமிக்கு 'டைப்பம்மா' ஆனாள். வயதில் மூத்தவளாக இருந்தும் பிலோமி அப்படித்தான் கூப்பிட்டாள். பிறகு அந்த வட்டாரம் முழுவதும் அதே பெயர். சாளைக் கருவாட்டுக்கும் புன்னைக்கொட்டைக்கும் பதிலாகப் பிலோமி முருங்கைக்கீரையும் மரவள்ளிக்கிழங்கும் வாங்கிக்கொண்டு போவாள். புன்னைக்கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெய்தான் அற்புதமணியின் விளக்கு. புகையும், வாடை அடிக்கும், ஆனால் எரியும்.

1975 மே மாசம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போய்த் தங்கினேன். பிடித்திருந்தால் வேலையை விட்டுவிடலாம் என்று மனசுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் அந்த அலுவலகம் கசந்துதான் போயிருந்தது.

பத்து நாளில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அவள் அங்கே நிம்மதி தேடி வரவில்லை. விடியுமுன் எழுந்து தண்ணீர் இறைப்பாள். கிழங்குப் பாத்திக்கு ஊற்றுவாள். முந்தின நாள் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலைப் பாத்தியிலிருந்து வாரி எடுப்பாள். ஓலை முடைவாள். வேலை இல்லாத நேரத்தில் வேலையைக் கண்டுபிடிப்பாள். நான் போயிருந்த நாளில் குடிசையின் வாசல் கிழக்கே இருந்தது. ஐந்தாம் நாள், காற்று உள்ளே வருகிறது என்று ஓலையைப் பிரித்து வாசலை வடக்கே மாற்றினாள். எட்டாம் நாள், வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி கிழக்கே.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்களேன்" என்றேன்.

"உக்காந்தா யோசன வருது."

"என்ன யோசன?"

"நான் செய்யுதது சரியான்னு." மண்வெட்டியை ஊன்றி நின்றாள். "இந்த மண்வெட்டி தகடு ஜாம்ஷெட்பூர்ல இருந்து வந்தது. அதை நானா செஞ்சேன்? தீப்பெட்டி சிவகாசி. கயிறு மட்டுந்தான் என்னுது. எங்க கோடு போடன்னு தெரிய மாட்டேங்குது இசபெல்."

என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தது. மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் இறங்க மறுத்தது. பதினோராம் நாள் காலையில் தூத்துக்குடி பஸ்ஸில் உட்கார்ந்தபோது, ஜன்னல் ஓரத்து சீட் கிடைத்ததற்காக மாதாவுக்கு நன்றி சொன்னேன். அன்று பத்தரைக்கெல்லாம் என் நாற்காலியில் இருந்தேன். அதே நாற்காலியில்தான் இன்னும் இருக்கிறேன்.

*

அந்த ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் நேரத்துக்கு வந்தோம். காகிதங்கள் வேகமாக ஓடின. தேரிக்குள் அது எதுவும் முதலில் எட்டவில்லை. பிறகு எட்டியது எப்படி என்றால், ஒரு பாம்பால்.

1976 பிப்ரவரியில் ஒரு காலை, குவித்து வைத்திருந்த காய்ந்த ஓலையைத் தூக்கியபோது சுருட்டை விரியன் அவள் வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே கடித்தது. தேரியில் அது சாதாரணம். ஒரு சாண் நீளம்தான் இருக்கும், மணல் நிறத்தில் மணலோடு கிடக்கும். அவள் துணியால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வேலை பார்த்திருக்கிறாள். ஒன்பது மணிக்குப் பிலோமி வந்தபோது கை தோள் வரை வீங்கி, ஈறுகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"எத்தன மணிக்கிளா கடிச்சிது?"

"ஆறரை இருக்கும்."

"கூறு கெட்டவளே, ரெண்டரை மணி நேரமா என்ன செஞ்சே?"

"பாத்திக்குத் தண்ணி விட்டேன்."

பிலோமி கடகத்தை அப்படியே போட்டுவிட்டு அருணாசலவடிவின் விளைக்கு ஓடினாள். அவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். மணலில் சைக்கிள் உருளாது. ரோடு வரை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடக்க, பிலோமி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறாள். பிறகு கேரியரில் உட்கார வைத்து, விழாமல் பிலோமி பிடித்தபடி ஓடி, திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்கள். விஷமுறிவு மருந்து இருந்தது. டாக்டர் உடனே ஏற்றினார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் பிலோமியிடம் விளக்கமாகச் சொன்னாராம். பிலோமி அதை எல்லோரிடமும் விளக்கமாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் நான் போனேன். கட்டில் காலி இல்லாததால் வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கை கறுத்து உருண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வரிசையில நான் ஏழாவது பாய்" என்றாள்.

"உசிரு இருக்கே, அதுக்குச் சந்தோசப்படுங்க."

"சந்தோசந்தான்." உத்தரத்தைப் பார்த்தபடியே பேசினாள். "அந்த மருந்து எப்படிச் செய்யுதாங்கன்னு டாக்டர்ட்ட கேட்டேன். பம்பாயில குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா வெஷத்தை ஏத்தி, அதோட ரத்தத்துல இருந்து எடுக்காங்களாம். ஐஸ்ல வச்சு ரயில்ல அனுப்புதாங்களாம். எத்தன பேரு, எத்தன ரிஜிஸ்தரு, யாரோ ஒரு டைப்பிஸ்டு அதுக்கு லிஸ்ட்டு அடிச்சிருப்பா. அவ ஒரு எழுத்தை விட்டிருந்தா நான் இல்ல."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இடது கைவிரல்கள் பாயில் தட்டிக்கொண்டிருந்தன. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. தேறியதும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். கிருபாநிதி வந்து கூப்பிடவும் செய்தார். இரண்டு வாரம் நாசரேத்தில் இருந்தாள். பதினைந்தாம் நாள் காலை, அண்ணன் பள்ளிக்கூடம் போனதும், ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுத் தேரிக்குக் கிளம்பிவிட்டாள்.

*

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ரிஜிஸ்தரில் கதவு எண் கேட்டிருக்கிறார்கள். பிலோமி, "தேரிக்காட்டு டைப்பம்மா, வேற என்ன நம்பரு?" என்று சொல்லியிருக்கிறாள். பாம்புக்கடி என்றால் கிராமத்துக்கு ஒரு தகவல் போகுமாம். காகிதம் வேகமாக ஓடிய காலம் அல்லவா, ஏப்ரலில் கிராமக் கணக்குப் பார்க்கும் கர்ணம் காசிலிங்கம் அளவுச் சங்கிலியோடு வந்து நின்றார். விலாசம் இல்லாத வீட்டுக்கு ஒரு கதவு எண் கொடுப்பதற்காகத்தான் வந்தார். பாவம், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பத்திரத்தைக் கொடுங்கள் என்றார். பார்த்தார். புலப்படத்தை மணலில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துப் பார்த்தார். மேட்டுக்கு ஏறி இறங்கினார்.

"அம்மா, பத்திரத்துல சர்வே நம்பர் இருநூத்திப் பதினாலுன்னு எழுதியிருக்கு. நீங்க இருக்கது இருநூத்தி நாப்பத்தொண்ணு."

"அப்ப இருநூத்திப் பதினாலு எங்க இருக்கு?"

"அது ரெண்டு மைல் வடக்க. சுடுகாட்டை ஒட்டுன உடங்காடு. பத்திரம் எழுதுனவரு இலக்கத்தைப் புரட்டிப் போட்டுட்டாரு போல." தயங்கிவிட்டுச் சொன்னார். "இதுலயும் மேற்பாதி ஃபாரஸ்டுக்குச் சொந்தம். அவங்க இந்த வருசம் மரம் நட வாராங்க. ஒங்களுக்கு வித்தவருக்குக் கீழ்ப்பாதிதான் பாத்தியம்."

இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கான பேர்களின் சர்வே எண்களைப் பிழையில்லாமல் அடித்தவள், தன் பத்திரத்தில் இரண்டு இலக்கம் இடம் மாறியதைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். முதலில் சிரித்தாளாம். கர்ணம் போனபிறகு மேட்டைச் சுற்றிச் சுற்றி நடக்க ஆரம்பித்தவள் பொழுது சாயும்வரை நிற்கவில்லை என்று பிலோமி சொன்னாள். மேற்பாதியில்தான் அவள் முருங்கை வைத்திருந்தாள். குடிசையும் அங்கேதான்.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சேலையில் செம்மண் கறை, கால் வெடித்திருந்தது, வலது கட்டைவிரல் சரியாக மடங்கவில்லை.

"மெஷினைக் கொஞ்சம் குடு இசபெல். தாசில்தாருக்கு மனு அடிக்கணும்."

"நீங்க சொல்லுங்க, நான் அடிக்கேன்."

"வேண்டாம். என் மனுவை நானே அடிக்கேன்."

உட்கார்ந்தாள். கார்பனை நேராக்கிச் செருகினாள். முதல் வரி தடுமாறியது. இரண்டாவது வரியிலிருந்து பழைய வேகம் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் கேட்டார்கள். அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சூப்பிரண்டு வாசலில் வந்து நின்று, "திரும்பி வந்துடுங்களேன் அம்மா, எழுதிப் போட்டுப் பாக்கேன்" என்றார். அவள் நிமிரவில்லை. ஆனால் அவள் முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு அமைதியான முகத்தை அந்தத் தேரியில் ஒருநாளும் நான் பார்க்கவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னாள். "விரலுக்கு நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

*

தாசில்தார் அலுவலகத்துக்கு நாலு தடவை போனாள். மூன்று தடவை முறை வரவில்லை. வெளியே பெஞ்சில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் வேப்பமரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருப்பாள். யார் பெயரைக் கூப்பிட்டாலும் ஓடி வந்து பார்ப்பாள். நாலாவது தடவை நானும் கூட இருந்தேன். பிலோமியும் வந்திருந்தாள், சாட்சி சொல்ல. கடகத்தை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

தாசில்தார் வயதானவர், ஓய்வு பெற இருந்தவர். மனுவை இரண்டு முறை படித்தார்.

"இதை யாரு அடிச்சுக் குடுத்தது?"

"நான்தான் சார்."

"ஒரு பிழைகூட இல்லையே." கண்ணாடியைக் கழற்றினார். "படிச்சவங்க. நாசரேத்துல குடும்பம் இருக்கு. அரசாங்க வேலை பாத்திருக்கீங்க. எதுக்கம்மா இந்த மணல்ல கெடக்கணும்?"

கர்ணம், ஃபாரஸ்டு ரேஞ்சர், கிளார்க்குகள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஆளுக்கு எவ்வளவு வேணும்னு தெரிஞ்சுக்கணும் சார். ஆபீஸ்ல இருந்தப்ப அது தெரியல. எவ்வளவு குடுக்காங்களோ அவ்வளவு வாங்கிக்கிட்டோம். குடுக்கலைன்னா நின்னோம்."

"இப்பத் தெரிஞ்சுதா?"

"பாதி தெரிஞ்சுது சார்."

அவர் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அப்ப பாதி நிலம் போதும்" என்றார். ரேஞ்சர் சிரித்துவிட்டார். தாசில்தார் சிரிக்கவில்லை, எழுத ஆரம்பித்திருந்தார். கீழ்ப்பாதியை அவள் பெயருக்குத் திருத்திக் கொடுக்கவும், மேற்பாதியை மூன்று மாசத்தில் காலி செய்யவும் உத்தரவு. வெளியே வந்ததும் பிலோமி கேட்டாள், "ஜெயிச்சமா, தோத்தமாளா?"

"தெரியல."

"தெரியலன்னா தோத்துட்டம். வா, காப்பி குடிப்பம்."

குடிசையைப் பிரித்துக் கீழே கொண்டுவந்தாள். முருங்கையில் போத்து வெட்டிக் கீழே ஊன்றினாள். சில பிடித்தன, நிறையக் காய்ந்தன. மேட்டில் ஃபாரஸ்டுக்காரர்கள் முள்கம்பி கட்டிச் சவுக்கும் கொல்லாவும் நட்டார்கள். தன் பழைய வாசல் இருந்த இடத்திலும் ஒரு வரிசை வந்ததை அவள் பார்த்தாள். ஒரு சாயங்காலம் கம்பிக்கு அடியில் நுழைந்து, அந்த வரிசையில் பதினோரு கன்றைப் பிடுங்கிப் போட்டாள். மறுநாள் காலையில் பிலோமி வந்தபோது, அதே பதினோரு கன்றையும் பழைய குழிகளில் நட்டு, தன் ஊற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாளாம்.

"பிடுங்குனவளும் நீதான், நடுதவளும் நீதானா?"

"அது என்ன பாவம் செஞ்சுது?" என்றாளாம்.

அதில் எட்டு பிழைத்தன. சொல்லப்போனால் அந்த மேட்டு மரங்கள்தான் அவளைக் காப்பாற்றின. இரண்டே வருஷத்தில் சவுக்கு ஆள் உயரத்துக்கு மேலே வந்து காற்றை மறித்துவிட்டது. 1978 ஆடியில் முதல்முறையாக அவளுடைய பாத்தியில் மணல் ஏறவில்லை. கிழங்கு கை பருமனுக்கு விழுந்தது. கீரை மிஞ்சியது. ஆலந்தலையிலிருந்து இன்னும் மூன்று மீன்காரிகள் கருவாட்டைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போனார்கள். கதவு எண் வந்தது. கேட்காமலேயே ரேஷன் கார்டும் வந்தது. அதை உத்தரத்தில் ஓலைக்குள் செருகி வைத்திருந்தாள். எடுத்துப் பிரித்ததாகத் தெரியவில்லை. எறியவும் இல்லை.

1979 பொங்கல் விடுமுறையில் போனேன். வாங்க வேண்டிய சாமான் என்று அவள் எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டில் நாலே நாலுதான் இருந்தது: தீப்பெட்டி, நூல், மண்வெட்டிக் காம்புக்கு ஆணி, வெள்ளைத் தாள். வெள்ளைத் தாள் எதற்கு என்று கேட்டேன். மீன்காரிகளுக்கு எப்போதாவது மனு எழுதித் தருகிறாளாம். கையால்தான்.

சாப்பிட உட்கார்ந்தோம். கிழங்கும் சாளைக் கருவாடும். ஒரு வாய் வைப்பாள், எழுந்து போய்ப் பாத்தியைப் பார்ப்பாள், வந்து உட்காருவாள், மறுபடி எழுவாள்.

"இப்ப என்னக்கா கொற? எல்லாம் நல்லாத்தானே நடக்கு" என்றேன்.

"அதான்" என்றாள். "மணல் வார வேண்டியது இல்ல. தண்ணி இருக்கு. காலையில பத்து மணிக்கெல்லாம் வேல முடிஞ்சு போவுது. அப்புறம் என்ன செய்யன்னு தெரியல." தட்டைத் தள்ளி வைத்தாள். "வடக்க ஒரு தாழ்வு கெடக்கு. யாருக்கும் வேண்டாத எடம். அங்க தண்ணி வந்துச்சுன்னா பிலோமி ஊரு பொம்பளைங்க நாலு பேரு பாத்தி போடலாம். கர்ணத்துட்ட கேட்டேன். அது தரிசுதான், மனு போடுங்கன்னாரு."

"திரும்பவும் மனுவா?"

"ஆமா. வரிசையிலயும் நிக்கணும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் வெட்கப்பட்டாளா, சலித்துக்கொண்டாளா என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலப் பஸ்ஸுக்கு ரோடு வரை வருவதாகச் சொல்லிச் செருப்பில்லாமல் கிளம்பினாள். மண்வெட்டியும் கையில் இருந்தது. வழியில் அந்தத் தாழ்வைக் காட்டினாள். நான் மேட்டிலேயே நின்றேன், அவள் கீழே இறங்கிப் போனாள். மணலைக் கையில் அள்ளிப் பார்த்தாள். ஈரம் இருக்கிறதா என்று கேட்டேன். காதில் விழவில்லை போலும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்ட ஆரம்பித்திருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமானதால் நான் தனியாக நடந்தேன்.